சோல்வையின் கணினி மட்டும்

இரண்டரையை முழு எண்ணாக்கச் சொன்னால் நீங்கள் மூன்று என்பீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன். நாங்கள் நிரல் எழுதும் கணினி மொழியின் பழைய பதிப்பும் மூன்று என்றுதான் சொல்லும். புதிய பதிப்பு, சரிபாதியாக வந்தால் பக்கத்து இரட்டை எண்ணை எடுத்துக்கொண்டு, இரண்டு என்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஒரே மென்பொருளை எழுதும்போது பன்னிரண்டு கணினியிலும் ஒரே பதிப்பு இருந்தாக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் ஒடென்சே நகரத்தில் பத்தொன்பது வருடமாக என் வேலை. வீடுகளுக்குச் சுடுநீர் அனுப்பும் நிலையங்களுக்கு நாங்கள் மென்பொருள் செய்கிறோம். எதுவும் தப்பாகாத வரை என் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

சோல்வை எங்களிடம் சேர்ந்து மூன்று வருடம் இருக்கும். நாற்பத்தொரு வயது, கெட்டிக்காரி, என்னிடம் பிரியமாகவே இருந்தாள். போன வருடத் தொடக்கத்தில் ஒரு யோசனை கொண்டுவந்தாள். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய மொழிப் பதிப்பைத் தன்னோடு ஒரே பெட்டியாகக் கட்டிக்கொண்டு போகட்டும், அப்புறம் எந்தக் கணினியில் எது இருந்தால் என்ன என்றாள். நல்ல யோசனைதான். அது வந்துவிட்டால் நான் எதற்கு என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இனிமேல் யார் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போகிறார்கள்? யாரிடம் போய் இதைச் சொல்வது என்றும் தெரியவில்லை.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே என் மறதி. ஈஸ்டர் விடுமுறைக்கு முன் பதினொரு கணினிக்குப் புதிய பதிப்பைப் போட்டேன், அவளுடையது விட்டுப்போனது. அவள் சரிபார்த்து அனுப்பிய நிரல் மற்ற எல்லோரிடமும் தகராறு செய்தது. வேலையைக் கெடுத்தவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மேலே பழுப்புச் சர்க்கரை உருகி வழியும் எங்கள் பக்கத்துக் கேக்கை அவளே சுட்டுக் கொண்டுவந்தாள். மேலாளர் யெப்பே வாய் நிறையக் கேக்கோடு சொன்னார்:

"மாசம் ஒரு தடவை இப்படிக் கெடுத்துக்கிட்டே இரும்மா, நாங்க நல்லா சாப்பிடுவோம். அந்தப் பெட்டி சமாச்சாரத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். எனக்குப் பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நல்ல தூக்கம் வந்தது.

பிறகு நடந்தது மறதி அல்ல. என் மேசையிலிருந்தே அவள் கணினியின் பதிப்பை மாற்றலாம், ஒரு வரி எழுதினால் போதும். அவள் தனியாக உட்கார்ந்திருக்கும்போது பழையது ஓடும். யாரையாவது கூப்பிட்டுக் காட்டினால் புதியது ஓடும். பதிப்பு எண்ணைக் கேட்டாலும் எப்போதும் புதியதையே சொல்லும்படி வைத்திருந்தேன். "இப்பதான் வேற விடை வந்துச்சு, சத்தியமா" என்பாள். பார்க்க வந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்.

மொத்தம் பதினொரு கேக். ஐந்தாவதுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவள் யோசனையைப் பற்றியும் யாரும் பேசவில்லை. நானும் கேக் தின்றேன். தின்னாமல் இருந்தால் வித்தியாசமாகத் தெரியும்.

செப்டம்பரில் ஒரு நாள் காபி நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டோர்கில், எங்கம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வயசுலயே மறதி வந்துச்சு. கடைசில என் பேரே தெரியல. எனக்கும் அதான் ஆரம்பிச்சிருக்கோன்னு பயமா இருக்கு. மத்தவங்க மூஞ்சிக்காக ஏதாவது சொல்வாங்க. நீ உண்மையச் சொல்லு. என்கிட்ட ஏதாச்சும் மாறியிருக்கா?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. நானும் நினைத்தேன். ஆனால் எப்படி நிறுத்துவது? அந்த வரியை அழித்தால் மறுநாளே அவளுக்கு எல்லாம் சரியாகிவிடும். சரியானதும் ஏன் சரியானது என்று தேடுவாள், அவள் அப்படிப்பட்டவள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்ச நாளாவே தெரியுது சோல்வை. உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லாம இருந்தேன்."

அவள் அழவில்லை. மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்றாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள்.

அவள் வேலையை விடுவதை மட்டும்தான் நான் எதிர்பார்த்தேன். கார் ஓட்டுவதை நிறுத்தியது, ஆறு வயது மகளைத் தன்னிடம் தனியாக விட வேண்டாம் என்று கணவனிடம் தானே சொன்னது, அவன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஆல்போருக்குப் போய்விட்டது எல்லாம் பிறகு கேள்விப்பட்டவை. மருத்துவர்கள் ஒன்றுமே இல்லை என்கிறார்களாம். அம்மாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள் என்று அவள் நம்ப மறுக்கிறாள்.

ஆமாம், தலைமை அலுவலகத்திலிருந்து வந்து நீங்கள் கண்டுபிடித்த அந்த வரி என்னுடையதுதான். முழு மனதோடுதான் எழுதினேன். அவளிடம் சொல்லப் போவதாகச் சொல்கிறீர்கள், சொல்லுங்கள். ஆனால் உங்களை நம்புவாளா என்று தெரியாது. அவள் இப்போது நம்புவது என்னை மட்டும்தான். தினமும் காலை எட்டு மணிக்குப் போன் செய்து, "டோர்கில், இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைதானே?" என்று அன்றன்றைய கிழமையைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறாள். இதுவரை ஒரு நாள்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.