மூணு வெரலு

ஹலோ... ஹலோ, வினோத்தா? அக்கா பேசுறேன்டா, அருள்மேரி. ... ஆமா ஆமா, ராம்நாட்டு பெரியாஸ்பத்திரியிலதான் நிக்கிறேன். ... என்னலே கொழகொழன்னு பேசுற? வாயில இருக்கிறதத் துப்பிட்டுப் பேசு. ... சரி சரி, கேக்குது.

ஒன் போட்டு நாளைக்குக் கடலுக்குப் போகுதுல்ல? ஐசு ஏத்தியாச்சா? ... அரிசி? ... அம்புட்டுத்தானா! பொகையிலப் பாக்கெட்டு? ... ம். எத்தன சரம்? ... எறக்குடா. பூராத்தையும் எறக்கு.

கோவமெல்லாம் இல்லப்பா. பயந்து போயிக் கெடக்கேன். ... ஒங்க மச்சானா? இங்கனதான் பெஞ்சுல ஒக்காந்துருக்காரு. போனக் குடுத்தாப் பேச ஏலாது, வாயி தொறக்கல. ... மீன்முள்ளு குத்துன புண்ணுன்னுதான நாமளும் இருந்தோம்! காரம் எரியுதுன்னாரு. உப்புத்தண்ணி பட்ட வாயின்னு ஒரு வருசமா மொளகா இல்லாமக் கொழம்பு வச்சுக் குடுத்தேனே, பாவி... ஆமாடா. புத்துநோயேதான். தாடைய எடுக்கணுமாம். மதுரைக்கு எழுதிட்டாக.

... தடையா? கவர்மெண்டு தடை போட்டுத்தான் இருக்கு. ஒனக்கு மட்டும் கருவாட்டு மூட்டைக்குள்ள ஒளிச்சு வருதுல்ல! ... வரியா? பீடி, பொகையில வரி கவர்மெண்டுக்கு வேணும்னு நீ சொன்னதத்தான் நானும் டாக்டரம்மாட்ட கேட்டேன். அந்தக் காசுக்கு மேலயே இந்த மாதிரி வைத்தியத்துக்கும் வேலைக்குப் போக ஏலாத ஆளுகளுக்கும் போயிருதும்மா, அதான் வரிய ஏத்துங்க, வெலையக் கூட்டுங்கங்கிறோம்னாக. ... நாட்டுக் கணக்க விடு. நீ போட்ட கணக்கு என்ன? பாக்கெட்டு இருந்தா ஒங்க மச்சான் மொதக்கொண்டு போட்டு ஆளுக யாருக்கும் பசிக்காது, தூங்கமாட்டாகன்னு அரிசியக் கொறச்சு இத ஏத்துன. அந்த மிச்சம் எங்கடா இப்ப?

... அழுவாதப்பா. ஒன்னையத் திட்டக் கூப்புடல. மூணு வெரலச் சேத்து, மேலயும் கீழயுமா நிறுத்தி வாய்க்குள்ள விட்டுப் பாக்கச் சொன்னாக. மூணும் போகணுமாம். ஒங்க மச்சானுக்கு ஒண்ணுதான் போச்சு. போட்டுல இருக்கிற அத்தன பேரையும் பாக்கச் சொல்லு. ... நீயும்தான். ... சிரிக்காத, விட்டுப் பாரு. ... ம். ... ம். ... எத்தன? ... ஏலே, எத்தன வெரலுடா? ... ஒழுங்காப் பாரு, வாயில அதக்கி வச்சிருக்கிறதத் துப்பிட்டு...

என்னது? ... அப்பவே வாயில ஒண்ணுமில்லையா? போன எடுக்கையிலேயேவா?

மாதாவே... வினோத்து... ஏலே, வச்சிராதடா... ஹலோ... ஹலோ!