எட்டாவது எண்ணிக்கை

எனக்குக் கை வியர்ப்பதில்லை. ஜோடி நடனத்துக்கு அது பெரிய தகுதி என்று திருச்சியிலிருந்து வந்த மாஸ்டர் பிரசாத்தே சொல்லியிருக்கிறார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அரியலூரில் எதற்கு ஜோடி நடனம் என்று கேட்டீர்கள். எங்கள் சிமெண்ட் ஆலையின் பொது மேலாளர் ஒரு வாரம் வெளிநாடு போய்வந்தார், அவ்வளவுதான். அங்கே அதிகாரிகள் சாயங்காலமானால் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்களாம். தலையில் சுண்ணாம்புத் தூசியோடு திரிந்த நாங்கள் அந்த மாதமே நாகரிகம் அடைந்தோம். குடியிருப்பு மன்றத்தின் செயலாளர் நான். ஆண்டு விழாவில் முதல் ஜோடியாக நானே மேடையேறுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்ததும் நான்தான்.

என் மனைவி அம்சவள்ளி ஒரே ஒரு நாள் வந்தாள். "நாலு பேரு பாக்க இப்புடி ஒட்டிக்கிட்டு நிக்கணுமா? வூட்டுல துணி ஊறுது, நீங்களே ஆடிட்டு வாங்க" என்று கிளம்பிவிட்டாள். அந்த இடத்துக்கு வந்தவர்தான் மேகலா. ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர்.

புது ஜோடியைப் பழக்குவது லேசான வேலையில்லை. இந்த ஆட்டத்தில் ஆண் முன்னால் நடப்பான், பெண் பின்னோக்கிப் போக வேண்டும். மேகலா இரண்டு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். போதாததற்கு, வகுப்புக்கு முன்பே வந்து நாங்கள் பழகும் நேரத்தில், மதியம் ஒன்றரைக்கு ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். அரியலூர்க்காரன் அதற்குச் சோற்றிலிருந்து கையை எடுக்கமாட்டான். இவரோ துள்ளி விழுந்தார்.

"வெடி கேட்டாலும் சரி, யாராச்சும் கூப்பிட்டாலும் சரி, திரும்பாதீங்கம்மா. என் தோளையே பாருங்க. வழி நான் பாத்துக்குறேன்" என்றேன்.

இரண்டு மாதம் பொறுமையாகப் பழக்கினேன். கடைசியில் அந்தக் கழுத்து திரும்பவே மறந்துபோயிற்று. ஒரு மனிதரை அந்த அளவுக்கு நம்ப வைப்பது எத்தனை பேரால் முடியும்?

ஒரு சனிக்கிழமை எல்லார் முன்னாலும் மேகலா மாஸ்டரிடம் சொன்னார்: "ராசாங்கம் சார் பாட்டுக்கு ஆடல சார், கொடியேத்தப் போறாப்ல நடக்குறாரு. விழாவுக்கு நான் அறிவழகனோட ஆடட்டுமா?"

அறிவழகன் நேற்று வேலைக்குச் சேர்ந்த பயல். மாஸ்டர் சரி என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிகம் சிரித்தது நான்தான். அதற்குச் சாட்சி உண்டு.

மேடையின் பின்சுவரை இடித்து ஒப்பனை அறை கட்டும் திட்டம் ரொம்ப நாளாகக் கிடப்பில் இருந்தது. திங்களன்று ஆரம்பிக்கச் சொன்னேன். வெள்ளிக்குள் மேடை விளிம்பை ஒட்டி ஒன்பதடிப் பள்ளம் தோண்டி, தூணுக்குக் கம்பியும் நிறுத்தியிருந்தார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தது. சுவர் இருந்த இடத்தில் சிவப்புத் திரை கட்டினேன். மன்றம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது செயலாளரின் பொறுப்பு.

சனிக்கிழமை வகுப்பு இரண்டு மணிக்கு. மேகலாவை ஒன்றேகாலுக்கு வரச் சொன்னேன். "கடைசியா ஒரு ஆட்டம் ஆடிடுவோம்மா. மனசுல ஒண்ணும் வெச்சுக்கல" என்றேன்.

"அதுக்கென்ன சார், வாங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நல்ல பெண்.

அன்று நாங்கள் ஆடியதுபோல் எந்த ஜோடியும் ஆடியதில்லை. ஒன்றரைக்கு வெடித்தது, அவர் இமைகூட அசையவில்லை. கீழே பெருக்கிக்கொண்டிருந்த காவலாளி கண்ணையன், "ஏம்மா, நில்லும்மா! திரைக்குப் பின்னால பள்ளம்!" என்று கத்தினான். அப்போதும் மேகலா திரும்பவில்லை. என் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து, ஆறு, ஏழு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

எட்டில் கையை விட்டேன்.

கம்பி மேல் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. இதில் நான் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கைரேகை எடுத்த உங்கள் ஏட்டு பெரியசாமியைக் கேளுங்கள், வியர்வை துடைக்கக் கொடுத்த துணி எனக்குத் தேவைப்படவில்லை. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கோபக்காரனுக்குத் தாளம் தப்பும். எனக்குத் தப்பவில்லை. பாட்டுக்கு ஆடத் தெரியாதவன் என்று இனி யார் சொல்வார்கள்?