மந்திரவாதியின் கடைவாய்ப் பல்

கதவைச் சாத்துங்கள். போன்களைக் கவிழ்த்து வையுங்கள். யாருக்காவது பாத்ரூம் வருகிற மாதிரி இருந்தால் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்... அப்புறம் துணைக்குக் கூப்பிட்டால் நான் வர மாட்டேன். இது என் நண்பன் ஒல்லியனுடைய அக்கா வீட்டில் நடந்தது. அவனே சொல்லிக் கேட்டேன். சொல்லும்போது அழுதான், அதனால் நம்புகிறேன்.

இரவு பத்தரை மணி. ஊருக்கு வெளியே, கிடங்குகளை ஒட்டிப் போகிற நீளமான சாலை. தெருவிளக்கு ஒன்று எரிந்தால் இரண்டு எரியாது. ஒல்லியன் பைக் ஓட்டுகிறான். பின்னால் அவன் அக்கா புருஷன்... அவனுடைய அத்தான். நல்ல குளிர். ஒல்லியன் மூச்சு விட்டால் புகையாக வருகிறது. அத்தான் அவன் தோளில் முகத்தைச் சாய்த்திருக்கிறார். ஆனால் பிடரியில் மூச்சே படவில்லை.

“அத்தான், தூங்கிட்டீங்களா?”

“இல்ல மாப்ளே. நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

பேசும்போதும் படவில்லை. கிராம்பு எண்ணெய் வாடை மட்டும் குப்பென்று அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை... ஈரத்துணியை வாளியில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது. அத்தானும் அக்காவும் பல்செட் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார்கள். அங்கே கிராம்பு வாடை சகஜம். ஒல்லியன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாரா வாரம் அந்தப் பட்டறையில் ஒரு விளையாட்டு நடக்கும். அன்றும் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம். ஒருவன் வீரன், ஒருவன் திருடன். அத்தான் கதையை நடத்துவார். ராஜா, அரக்கன், வழியில் குரைக்கிற நாய் எல்லாமே அவர்தான். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். வளர்ந்த ஆட்களுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். இந்த வயதில் நீங்கள் பேய்க் கதை கேட்கவில்லையா?

அந்த ஆட்டத்தில் வில்லன் ஒரு செத்த மந்திரவாதி. இந்த வாரம் வெட்டிப் போட்டால் அடுத்த வாரம் எழுந்து வருவான். உயிரைக் கொண்டுபோய்க் கிளிக்குள் ஒளித்து வைப்பார்களே, அந்த ரகம். இவன் உயிர் எதில் இருக்கிறது என்று அத்தானுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும், ஏனென்றால் மந்திரவாதி பொம்மையைப் பிளாஸ்டரில் வார்த்தது அவள்தான். தலைக்குப் பதிலாக ஒரு நிஜப் பல்லை வைத்திருந்தாள். பல்செட்டுக்கு அளவும், மாதிரிக்குப் பிடுங்கிய பல்லும் கொடுத்துவிட்டு, வாங்க வராமலே செத்துப்போன ஒரு கிழவருடைய கடைவாய்ப் பல். கொஞ்ச நாளாகப் பொம்மைக்குத் தலை இல்லை. கேட்டதற்கு, உடைந்துவிட்டது என்றாள்.

மூன்று மாதமாக அத்தானும் ஒரு மாதிரி ஆகிவிட்டார். சிரிப்பு இல்லை. சாப்பாட்டை மெல்லாமல் விழுங்கினார். ஒல்லியனுக்கு அத்தான் என்றால் உயிர். அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். இந்தப் பாழாய்ப்போன மந்திரவாதியை அடியோடு ஒழித்து ஆட்டத்தை மூட்டை கட்டினால் பழைய அத்தான் திரும்பி வந்துவிடுவார் என்று அவன் நம்பினான்.

பட்டறைக்குள் நுழைந்ததும் அக்காவிடம் அதைத்தான் சொன்னான்.

“இன்னிக்கே முடிக்கணுமாடா தம்பி? அவன் பாட்டுக்கு வந்துட்டுப் போறான். விட்டுடேன்.”

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது ஆட்டக்காரர் ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். பயம் என்ன விலை என்று கேட்கிற ஆள். அன்று அவர்தான் வீரன், கையில் கோடரி. ஆட்டம் தொடங்கியதும் வெறி வந்தது போல வெட்டினார். பகடை உருளும்... டக டக டக... அத்தான் சொல்வார். கை துண்டானது. முழங்கால் நொறுங்கியது. நெஞ்சு பிளந்து விலா எலும்பு வெளியே வந்தது. தலை படிக்கட்டில் உருண்டது. எல்லாவற்றையும் கறிக்கடைக் கணக்கு மாதிரி ஒரே குரலில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே வார்த்தை.

“எழுந்துட்டான்.”

மறுபடி வெட்டு. மறுபடி, “எழுந்துட்டான்.”

டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு பகடையை வீசினார். இருபது.

அந்த மேசையில் ஒரு விதி உண்டு. இருபது விழுந்தவர் ஒரு கேள்வி கேட்கலாம். கதையை நடத்துகிறவர் பொய் சொல்லக் கூடாது. அத்தானே போட்ட விதி அது.

“அவன் உயிரு எங்க இருக்கு?”

“சொல்லாதீங்க!” அக்கா கத்தினாள்.

அத்தான் அவளைப் பார்த்தார்... ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மனித வாய் திறக்கிற அளவைத் தாண்டித் திறந்தார். தாடை டக்கென்றது. வெளுத்துப்போன நாக்கு, கறுத்த ஈறு. உள்ளே கடைசியில் நீளமாக, மஞ்சளாக ஒரு பல். சுற்றிலும் பல் ஒட்டுகிற சிமெண்ட். விரலை அதன் மேல் வைத்துக் காட்டினார். ஏன் காட்டினார் என்று என்னைக் கேட்காதீர்கள். உள்ளே இருந்ததற்கே அலுத்துப்போயிருக்கலாம்.

பிணம் பார்த்துப் பழகிய டிரைவருக்கு இது விளையாட்டு இல்லை என்று புரிந்துவிட்டது; இடுக்கியை எடுத்து உள்ளே விட்டார். அக்கா பின்னாலிருந்து பாய்ந்தாள். பிளாஸ்டர் செதுக்குகிற கத்தி டிரைவரின் தோளில் இறங்கியது. எடுத்து மறுபடி இறக்கினாள். அந்த நேரம் பார்த்து அத்தானின் வாய் மூடிக்கொண்டது... கடக். டிரைவரின் இரண்டு விரல் உள்ளே போய்விட்டது. அவர் அலறிய அலறலில் ஒல்லியனுக்குக் காது அடைத்தது. கைக்கு அகப்பட்டது சுத்தியல். தன்னை வளர்த்த மனிதரின் தாடையில் ஓங்கி அடித்தான். விடவில்லை. மறுபடி அடித்தான். ஈரமாக, முருங்கைக்காய் முறிகிற மாதிரி ஒரு சத்தம். அழுதுகொண்டே அடித்தான். நாலாவது அடியோ ஐந்தாவது அடியோ, தாடை பெயர்ந்து தொங்கியது. பல் தெறித்துத் தரையில் உருண்டது.

டிரைவர் ரத்தக் கையோடு அதன் மேல் பூட்ஸ் குதிகாலை வைத்து அரைத்தார். நற... நற...

அத்தான் நாற்காலியிலிருந்து சரிந்தார். அறை முழுக்க அந்த ஈரத்துணி வாடை. இப்போது கிராம்பு எண்ணெயால் அதை மறைக்க முடியவில்லை. அவருடைய வாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

அக்கா கத்தியைக் கீழே போட்டாள். அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“குளிக்கப் போன மனுஷன் உள்ளயே விழுந்து செத்து மூணு மாசம் ஆச்சுடா தம்பி. என்னால முடியலடா. விளையாட்டுக் கதையில அவரு என்ன சொன்னாரோ அதைச் செஞ்சேன்... செத்தவன் வாயில பல்லை நட்டா எழுந்துடுவான்னு. நட்டேன். எழுந்துட்டாரு.”

“அப்ப இத்தனை நாளா என்னை மாப்ளேன்னு கூப்பிட்டது...?”

“யாரு பல்லோ, அவங்க உயிருதான் எழுந்து வரும். அந்தக் கிழவன்தான் உள்ள இருந்தான். உன்னை மாப்ளேன்னு கூப்பிட நான்தான் சொல்லிக் குடுத்தேன். கதை நடத்தவும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்கு எல்லாம் தெரியும்டா. ஆனா முகம் அவரோடதுதானே?”

போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, செத்து மூன்று மாதமாவது இருக்கும், தாடை உடைந்தது அதற்குப் பிறகு என்றார். கொலை கேஸ் இல்லை. என்ன கேஸ் என்று அவர்களுக்கும் புரியவில்லை. டிரைவர் தன் தோளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை, உடலை வாங்க ஒல்லியன் பிணவறைக்குப் போனான். வெளியே பெஞ்சில் அக்கா. சுவரில் தலையைச் சாய்த்து, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது தூங்கிவிட்டாள் போல என்று நினைத்து அவளை எழுப்பாமல் உள்ளே போனான்.

“உங்க அக்கா ராத்திரியே வந்துட்டாங்க சார்,” என்றான் காவல்காரன். “கொஞ்ச நேரம் தனியா பாக்கணும்னாங்க. பாவமா இருந்துச்சு, விட்டேன்.”

இழுப்பறையை இழுத்தான். ஐஸ் புகை விலகியது. நேற்று தொங்கிய தாடை இன்று நேராக இருந்தது. மெல்லிய கம்பியால் அழகாக, நேர்த்தியாகக் கட்டியிருந்தது. தொழில் தெரிந்த கை. ஒல்லியன் குனிந்து பார்த்தான். காலியாக இருந்த குழியில் ஒரு பல்... சின்னதாக, வெள்ளையாக. அடியில் ரத்தம் இன்னும் காயவில்லை.

வெளியே பெஞ்சிலிருந்து ஆள் ஒன்று பொத்தென்று சரிந்து விழுகிற சத்தம் கேட்டது.

உள்ளே, அத்தானின் உதடு அசைந்தது.

“தம்பி... மறுபடி அடிக்காதடா.”