ஸ்டேஷனுக்கு எதிரே பிரான்சு

லூதோவிக்: கொஞ்சம் குனிஞ்சு எடுடா ஹரி. மேல அந்தக் கூரான வளைவு முழுசா வரணும்.

ஹரிகிருஷ்ணன்: வருது. கூடவே ஃபேனும் வருது.

லூதோவிக்: ஃபேன வெட்டிடு. பிரான்சுல ஏதுடா கோவில்ல ஃபேன்...

ஹரிகிருஷ்ணன்: பிரான்சுல இப்படி வேர்க்கவும் வேர்க்காது. சித்திரை வெயில்ல ஸ்வெட்டர், மஃப்ளர்... பாக்கற எனக்கே மூச்சு முட்டுது.

லூதோவிக்: மழையில நனைஞ்சேன்னு எழுதிக்கறேன்.

ஹரிகிருஷ்ணன்: வெளிய நின்னாவது எடுத்திருக்கலாம்.

லூதோவிக்: வெளியவா? செவப்பும் வெள்ளையுமா அடிச்சு வெச்சிருக்காங்க. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கற சர்ச்சுன்னு பாண்டிச்சேரில கொழந்தகூட சொல்லிடும். உள்ளதான் வசதி. இந்த வளைவு, கலர் கண்ணாடி... அங்க இருக்கற கோத்திக் கோவிலுங்களப் பாத்துக் கட்டினதுதான?

ஹரிகிருஷ்ணன்: அப்ப அங்க இருந்தப்பவே ரெண்டு எடுத்து வெச்சிருக்கலாம்ல?

லூதோவிக்: அங்க எங்கடா கோவிலுக்குப் போனேன்... ஞாயித்துக்கிழமையானா தூக்கம். வேல போயி ஊரு திரும்பினப்புறம்தான் தெனம் கோவில்ல நிக்கறேன். பெரிய பக்திமான் ஆயிட்டேன்.

ஹரிகிருஷ்ணன்: நல்ல பக்தி. இதே ஊர்ல பொண்டாட்டி உப்பளம் ஏரியாவுல, நீ சாரம் ஏரியாவுல என் மாடியில...

லூதோவிக்: எந்த மூஞ்ச வெச்சுகினு போறது? 'உன்னையும் கூட்டினு போறேன், பெட்டியக் கட்டு'ன்னு பொலெத்கிட்ட சொல்லிட்டுப் போனவன்டா நானு. அவளும் கட்டி வெச்சிருக்கா. இப்ப நானே பெட்டியோட போயி நின்னா... வேற வேல கெடைக்கட்டும், சொல்லிடறேன்.

ஹரிகிருஷ்ணன்: அவங்க நம்பறாங்களா?

லூதோவிக்: ஒவ்வொரு போட்டோவுக்கும் 'அழகா இருக்கு'ன்னு பதில் வருது. கோவிலச் சொல்றாளா, என்னச் சொல்றாளான்னுதான் தெரியல... என்னையா இருக்காது.

ஹரிகிருஷ்ணன்: ம்...

லூதோவிக்: என்ன ம்? காட்டு... அடச்சே. பின்னாடி தூணுகிட்ட யாரோ பொடவையில நிக்கறாங்க பாரு. நகரச் சொல்லிட்டு இன்னொண்ணு எடு.

ஹரிகிருஷ்ணன்: நகர மாட்டாங்க.

லூதோவிக்: ஏன்?

ஹரிகிருஷ்ணன்: வரச் சொன்னதே நான்தான். திட்டறதுன்னா அப்புறமா திட்டுடா... திரும்பிப் பாரு.

லூதோவிக்: பொலெத்... நானு... இப்பதான் ப்ளேன்ல எறங்கி...

பொலெத்: மஃப்ளரக் கழட்டுங்க மொதல்ல. நாம மோதிரம் மாத்தின கோவிலு எனக்குத் தெரியாதா? மொத போட்டோவிலயே தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கி பூரா அழுதேன். அழுதுட்டு, அதே போட்டோவ தெருவெல்லாம் காட்டி 'எங்க வூட்டுக்காரு பிரான்சுல'ன்னு பெருமையடிச்சதும் நான்தான். வாங்க வூட்டுக்கு... இனிமே சேர்ந்தே அசிங்கப்படுவோம்.