பத்து லட்சத்து ஒன்றை மேசையில் வைத்தவருக்கு

கணக்கிலே கண்டிப்பும் கண்ணிலே கனிவும் கலந்த எங்கள் கணித ஆசிரியை அவர்களே! வகுத்தல் முடிந்ததும் "மீதி என்ன?" என்று கேட்டுக் கேட்டே, மாணவர் வாயால் 'மீதி டீச்சர்' எனப் பட்டம் பெற்ற பெருந்தகையே! வணக்கம்.

தாங்கள் பெற்ற விருதுகளையும் பெற்றுத்தந்த தேர்ச்சிகளையும் இந்தப் பணிநிறைவு விழாவில் தலைமையாசிரியர் தம் உரையில் அடுக்கிவிட்டார். ஆசிரியர் அறையில் தங்களோடு அமர்ந்த நாங்கள் சொல்ல வேண்டியது வேறொன்று.

நம் வேதியியல் ஆசிரியர், தம் ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டுப் பணிக்குத் திரும்பிய நாள்கள் அவை. வந்தார், பாடம் நடத்தினார், போனார். மற்றபடி வாய் திறக்கவில்லை. தேற்றிப் பார்த்தோம், தேநீர் வாங்கி வைத்தோம். கடைசியில் என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டோம். வேலையை விடப்போகிறார் என்ற பேச்சும் காதில் விழுந்தது. அப்போதுதான் தாங்கள் நாற்காலியை இழுத்து அவரெதிரே போட்டீர்கள். ஆறுதலென்று அரைச்சொல்லும் சொல்லாமல், 1000001 என்று ஒரு தாளில் எழுதி நகர்த்தினீர்கள்.

"சார், பாக்க பகா எண் மாதிரி இருக்கும். ஆனா உடையும். எதால உடையும்னு கண்டுபிடிங்க."

அன்று அவர் தொடவில்லை. மறுநாள் பேனாவை எடுத்தார். மூன்றால் வகுத்தார், மீதி இரண்டு. ஏழால் வகுத்தார், அப்போதும் இரண்டு. பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் அதே கதை.

"என்ன டீச்சர் இது, எதுல போட்டாலும் ரெண்டுதான் மிஞ்சுது" என்றவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்டுலயும் ரெண்டு பேருதான் மிச்சம்" என்றார்.

அதுவரை அழாத அந்த மனிதர் மேசைமேல் தலை கவிழ்த்து அழுது தீர்த்தார். தாங்கள் எழுந்து போகவுமில்லை, எண்ணை எடுத்து மறைக்கவுமில்லை. மணி அடித்தபோது, "என் கிளாஸை யாராச்சும் பாத்துக்குங்க" என்று எங்களிடம் சொன்னதோடு சரி. அழுகை அடங்கியபின் மெல்லக் கேட்டீர்கள்:

"பாப்பா கணக்குல எப்படி சார்?"

"சுத்தமா வராது டீச்சர்" என்று சொல்லி, கண்ணீரோடு சிரித்துவிட்டார்.

அதன்பிறகே விளக்கம் சொன்னீர்கள்: "இதுல ரெண்டைக் குறைச்சா வரிசையா ஆறு ஒன்பது வரும், 999999. அதை நீங்க போட்ட நாலு எண்ணும் மிச்சமில்லாம வகுக்கும். அதனாலதான் இங்க ரெண்டு நிக்குது. அது இந்த எண்ணோட குணம் சார். நீங்க ஒண்ணும் தப்பாப் போடல."

அவர் விடவில்லை. ஓயாமல் வகுத்துக்கொண்டே போனவர், ஒரு நாள் தங்கள் வகுப்பு வாசலில் மூச்சிரைக்க நின்று, "நூத்தியொண்ணு டீச்சர்! நூத்தியொண்ணு!" என்று கூவினார். மற்றொரு காரணி 9901. அது எதற்கும் உடையாத பகா எண். வகுப்பே கைதட்டியது. வேலையை விடும் பேச்சை அதன்பின் எவரும் கேட்கவில்லை.

அவருடைய துணைவியார் போன வாரம் எங்களிடம் சொன்னார்: "அவர் ஸ்கூல்ல அழுத அன்னைக்குச் சாயங்காலம்தான் வீட்டுல அவ பேரைச் சொன்னாரு. ரெண்டு பேரும் விளக்குப் போடக்கூட மறந்து அவளைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம். டீச்சர்கிட்ட இதைச் சொல்லிடுங்க."

சொல்லிவிட்டோம், அம்மா.

நோய் நெருங்கா உடலோடும் நோகா நெஞ்சோடும், சுற்றம் சூழச் சிரிப்பு சூழத் தாங்கள் நெடுங்காலம் நிறைந்து வாழ்க!

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்
ஆசிரியர் அறைத் தோழர்கள்