தள்ளிப்போன ஆப்பரேசன்

போன வாரம் நடக்க வேண்டிய ஆப்பரேசன் நடக்கல அண்ணாச்சி. ஒடஞ்சது இடுப்பெலும்பு. ஒடம்புல சத்து இல்லைன்னு தள்ளிப் போட்டுட்டாக.

குதிரவாலிக் காட்டுல ஆட்டுக்கயிறு தடுக்கி விழுந்தேன். எலும்ப ஒட்ட வைக்கத்தான வந்தேன்? இவுக மேங்கையில டேப்பு வச்சு அளக்காக. சட்டை தைக்கப் போறாக போலன்னு பாத்தேன். பெறகு கெண்டக்கால அளந்தாக. "எந்திரிச்சு நில்லுங்க தாத்தா, எட பாக்கணும்"னு ஒரு புள்ள. நிக்க முடிஞ்சா நா இங்க எதுக்குத் தாயி படுத்துருக்கேன்?

பேரு அமுதவள்ளி. சாப்பாட்டுக்குன்னே படிச்ச புள்ளையாம். கேக்குது, கேக்குது... பசிக்குதா, பல்லு இருக்கா, முழுங்க முடியுதா, முன்னைக்கு எளச்சிட்டீகளா... "பசியில்ல"ன்னேன். ஒடனே முட்டை, பாலு, சத்துமாவுக் கஞ்சி, டானிக்கு! புது மாப்பிள்ளைக்குக்கூட இந்தக் கவனிப்பு கெடையாது. முட்டைய சன்னல்ல வார காக்காய்க்குப் போட்டேன். அத அளந்து பாத்தாகன்னா நல்லாத் தேறியிருக்கும்.

பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு என்ன சிரிக்கீக? ஒங்க தட்டுல இட்லி காஞ்சு கெடக்கு. தண்ணி பாட்டிலு தெறக்கவே இல்ல. கூட இருக்கது யாரு, மகளா? ம்ம்... அப்படிச் சொல்லுங்க. மூஞ்சியத் திருப்பாதீக.

எனக்கு மட்டும் பசியில்லையா? வயித்துல கெடா முட்டுச்சு! தின்னா பெறகு என்ன வரும்? படுத்த படுக்கையில அந்தத் தகரச் சட்டி. வைக்கணும், எடுக்கணும், கழுவணும். ஆரு செய்ய? எம் பொஞ்சாதி போய்ச் சேந்துட்டா. மகன் வீரபாண்டி லாரியில லோடு ஏத்திக்கிட்டு வடக்க கெடக்கான். இருக்கது மருமக. எம் முன்னால உக்காந்து ஒரு வார்த்த பேசாத புள்ள. அதுகிட்டப் போயி இதக் கேப்பனா? உள்ள போகாட்டி வெளிய வராதுன்னு வாய மூடிக்கிட்டேன். நல்ல மூளைல்ல? கைய அளந்தவுக, ரத்தத்த அளந்தவுக, ஒருத்தராச்சும் இதக் கேக்கணுமே...

ஆப்பரேசன் இல்லைன்னு சொல்லிட்டுப் போனாக பாருங்க, எம் மருமகப் புள்ள விறுவிறுன்னு திரைய இழுத்து விட்டுச்சு. சட்டியத் தூக்கி கட்டில் மேல டங்குன்னு வச்சுச்சு.

"மாமா, இதுக்குத்தான பட்டினி கெடக்கீக? ஒங்க பேரனுக்குக் கழுவுன கை ஒங்களுக்குக் கழுவாதா? வெக்கமா இருந்தாக் கண்ண மூடிக்கோங்க. நானும் மூடிக்கிறேன். காலு வெளங்காமப் போச்சுன்னா ஆயுசுக்கும் இந்தச் சட்டிதான், பாத்துக்கோங்க. இந்தாங்க, முட்டையத் தின்னுங்க!"

எங்கிட்ட அது அதட்டிப் பேசுனது அதான் மொதத் தடவ. எங்க அப்பன் அதட்டிக்கூட நா கேட்டதில்ல. தின்னேன். ரெண்டு முட்டையையும். அன்னையிலருந்து வச்சது எதையும் மிச்சம் வைக்கல.

நாளைக்குக் காலையில ஆப்பரேசன். பெரிய டாக்டரு வந்து, "டானிக்கு நல்லா வேல செஞ்சிருக்கு பெரியவரே"ன்னாரு. சரிங்கய்யான்னேன். டானிக்காம்... வேல செஞ்சது எம் மருமக கனகலட்சுமி.