சீட்டுக்கு அடியில் நாலு தகடு

செல்வப்பிரியா: …இடுப்பளவு எதுக்குங்கண்ணா? கார் சீட்டுக்கா, இல்ல ரவிக்கைக்கா?

மாரீஸ்வரன்: சீட்டுக்குத்தான் மதினி. ரேஸ் சீட்டுங்கிறது சோபா இல்ல. ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கணும். லூசா இருந்தா வளைவுல வண்டி ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவீங்க.

செல்வப்பிரியா: அளவு குடுத்துத்தான் வாங்குனது. போன மாசத்துக்கு இப்ப மூணு கிலோ எறங்கியிருக்கறேன்.

சிவப்பிரகாஷ்: காலைல அஞ்சு இட்லி தின்னவ சொல்றா.

செல்வப்பிரியா: நாலு. கட்டுன பொண்டாட்டி இட்லிய எண்ற மனுசன் இந்தக் கொழிஞ்சாம்பாறையில நீங்க ஒருத்தருதான்.

மாரீஸ்வரன்: அண்ணே, கழட்டுன பழைய சீட்டைத் தராசுல வச்சீங்களா?

சிவப்பிரகாஷ்: வெச்சாச்சு. தேங்கா நிறுக்கற தராசுல கார் சீட்டு. பதினேழு சொச்சம்.

மாரீஸ்வரன்: புதுசு?

சிவப்பிரகாஷ்: ஆறுக்குள்ள. ஒத்தக் கையில தூக்கிட்டேன்.

செல்வப்பிரியா: பாத்தீங்களா… ஒரு சீட்டுக்குப் பதினோரு கிலோ. ரெண்டுக்கும் சேத்து இருவத்திரெண்டு. இந்தத் தடவ அந்தக் கோயமுத்தூர்ப் புள்ளைய விட மாட்டேன். போன தடவ அரை செகண்டுல தோத்தனுங்க. அரை செகண்டு.

மாரீஸ்வரன்: இடது பக்க சீட்டு யாருக்கு மதினி?

செல்வப்பிரியா: இவருக்குத்தான். ஆனா ஏற மாட்டாரு. ஸ்டியரிங்கைத் தொட்டே பன்னண்டு வருசமாச்சு. தார்ப்பாய போட்டு மூடி வெச்சிருந்த வண்டிய நாந்தான் உசுப்பி எடுத்தேன். முப்பது வருசத்து வண்டிக்கு எதுக்குடி இந்தக் கோலம்னு கேக்கறாரு.

சிவப்பிரகாஷ்: ரோட்டுல எடுத்தா எம்.வி.டி. செக்கிங்காரன் புடிப்பான்னுதான் சொன்னேன்.

செல்வப்பிரியா: ட்ராக்குக்கு லாரியிலதானுங்க ஏத்திட்டுப் போறோம். அதுவும் தெரியும் உங்களுக்கு. ஏனுங்கண்ணா, உங்களக் கூப்பிடறேன்னு சொன்னதுக்கும் இவரு வேண்டான்னுட்டாரு. நாந்தான் நம்பரத் தேடிப் புடிச்சேன். ட்ராக்குல பழைய ஆளுக யாரக் கேட்டாலும் சொல்றது ஒண்ணுதான்… சீட்டு மாட்டறதுன்னா அது மாரிதான்னு.

மாரீஸ்வரன்: அண்ணே வேண்டாம்னு சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல மதினி.

சிவப்பிரகாஷ்: முடியாத காலை வெச்சுட்டு சூரியநெல்லியில இருந்து மூணு பஸ்ஸு மாறி வரணுமேன்னுதான்…

மாரீஸ்வரன்: காலு கெடக்கு. ஜீப் ஸ்டாண்டுல உக்காந்து டூரிஸ்டுக்கு டோக்கன் எழுதுதேன். அதுக்குக் காலு எதுக்கு? மதினி, அந்தத் தகடு நாலையும் எடுங்க.

செல்வப்பிரியா: இதுதானே? நானே கேக்கலாம்னு இருந்தேன். இது எதுக்குங்க?

மாரீஸ்வரன்: வண்டியோட தரைத் தகரம் பழசு. அப்பளம் மாதிரி இருக்கு. மேல இருந்து போல்ட்டு எறங்கும், அடியில இந்தத் தகடு பிடிக்கும். போல்ட்டுக்கு ஒண்ணு, நாலுக்கு நாலு.

செல்வப்பிரியா: நாலும் சேந்து ஒண்ணேகால் கிலோ இருக்குதுங்க. நிறுத்துப் பாத்துட்டேன்.

மாரீஸ்வரன்: இருக்கட்டும்.

செல்வப்பிரியா: வாசர் போட்டாப் போதாதுங்களா? பெரிய வாசரா வாங்கி வெச்சிருக்கறேன்.

மாரீஸ்வரன்: போதாது.

செல்வப்பிரியா: இட்லிய நாலுல இருந்து ரெண்டாக் கொறைக்கறேன். தகடு வேண்டாம்.

மாரீஸ்வரன்: இட்லிய எட்டாக்கூட ஆக்கிக்கிடுங்க. தகடு இல்லாம மாட்ட மாட்டேன்.

செல்வப்பிரியா: ஏனுங்க, நீங்க சொல்லுங்க. ஓட்டுன மனுசன் நீங்கதானே?

சிவப்பிரகாஷ்: …மாரி சொல்றபடி செய்.

செல்வப்பிரியா: அரைக் கிலோன்னாலும் கணக்குதான்னு என்ரகிட்டச் சொன்னதே நீங்கதானுங்க. வண்டியில ரேடியோ வேண்டாம், ஹீட்டர் வேண்டாம், சாம்பல் தட்டற டப்பா கூட வேண்டாம்னு புடுங்கி எறிஞ்சவரு.

சிவப்பிரகாஷ்: அது அப்ப.

செல்வப்பிரியா: அப்ப ஒரு கிலோன்னா இப்பவும் ஒரு கிலோதான். நீங்க அக்கட்டால போன பொறவு நானே கழட்டிக்கறேன். நாலு போல்ட்டு, பெரிய வித்தையா?

மாரீஸ்வரன்: மதினி… அந்த வாசரைக் கீழ வைங்க. ஒரு விசயம் சொல்லுதேன்.

சிவப்பிரகாஷ்: மாரி, சாப்புட்டுட்டு வந்து பாக்கலாம் வா. சோறு ஆறுது.

மாரீஸ்வரன்: இல்லண்ணே. மதினி உக்காருத சீட்டு. நான் சொல்லித்தான் ஆவணும்.

சிவப்பிரகாஷ்: அதெல்லாம் எதுக்குடா இப்ப?

மாரீஸ்வரன்: பன்னண்டு வருசமா எனக்காவ நீங்க மறைச்சது போதும்ணே.

செல்வப்பிரியா: என்னத்த மறைச்சாரு?

மாரீஸ்வரன்: சின்னக்கானல் பக்கம் எஸ்டேட் ரோட்டுல போட்டியில வண்டி கவுந்துச்சுல்லா, என் முழங்காலு போன அன்னைக்கு… அது எதனாலன்னு உங்ககிட்டச் சொன்னாரு?

செல்வப்பிரியா: பிரேக் புடிக்கலைன்னு. எல்லாருகிட்டயும் அதைத்தானே சொன்னாரு.

மாரீஸ்வரன்: பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான் பக்கத்துல இருந்து தாளைப் பாத்து வளைவு சொல்லிட்டு வாரேன். எறக்கத்துல கொண்டை ஊசி. அண்ணே பிரேக்கை ஓங்கி மிதிச்சாரு. மிதிச்ச மிதியில சீட்டோட முன்பக்கம் பேந்து தூக்கிருச்சு. ஆளு மல்லாந்துட்டாரு. காலு பிரேக்குக்கு எட்டல.

செல்வப்பிரியா: சீட்டா… சீட்டு எப்படிங்க பேந்துச்சு?

மாரீஸ்வரன்: போல்ட்டு தகரத்தைக் கிழிச்சிட்டு மேல வந்துட்டு. அடியில தகடு இல்ல. வெறும் வாசருதான் இருந்துச்சுன்னு வண்டியத் தூக்குன பயலுவ சொன்னானுவ.

செல்வப்பிரியா: மாட்டுனது யாரு?

மாரீஸ்வரன்: நான்தான். முந்துன நாளு ஒத்தையில நின்னு மாட்டுனேன். நாலு தகடும் போட்ட மாதிரிதான் இன்னைக்கும் நெனவு. ஆனா ஆசுபத்திரியில என் கட்டில் பக்கத்துல டூல்ஸ் பெட்டியக் கொண்டாந்து வச்சாங்க. தொறந்து பாத்தேன். நாலும் அதுக்குள்ள கெடக்கு. என் கண்ணால பாத்தேன் மதினி. அப்புறம் என் நெனவை நானே எப்படி நம்ப?

செல்வப்பிரியா: இவருக்கு இது தெரியுமா?

மாரீஸ்வரன்: அன்னைக்கே சொல்லிட்டேன். ஒரு வார்த்தை திட்டல. வெளிய போய் பிரேக்குன்னு சொல்லிட்டாரு, எம் பேரு கெடக் கூடாதுன்னு. இங்கனயே ஒரு ஷெட்டு வச்சுத் தாரேன் வாடான்னாரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர? அதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ஸ்பேனரைத் தொடுதேன். பாத்து வச்ச பொண்ணு வீட்டுல காலைப் பாத்துட்டு வேண்டாம்னாங்க. யாரைப் போய் நோவ? நானா இழுத்து விட்டுக்கிட்டது.

சிவப்பிரகாஷ்: போதும் மாரி.

செல்வப்பிரியா: ஏனுங்க… இத்தன நாளா என்ரகிட்டக்கூடச் சொல்லலையே நீங்க. பெரிய மனசுதானுங்க உங்களுக்கு.

சிவப்பிரகாஷ்: அப்படிச் சொல்லாத பிரியா.

மாரீஸ்வரன்: மதினி சொல்லுதது நெசந்தாம்ணே. வேற ஆளா இருந்தா ஊரக் கூட்டியிருப்பான்.

செல்வப்பிரியா: மாரியண்ணா, தப்பா நெனைக்காதீங்க. ஸ்பேனரைக் குடுங்க.

மாரீஸ்வரன்: மதினி…

செல்வப்பிரியா: எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கறாங்க. ஞாயித்துக்கெழம நான் உக்காரப் போற சீட்டுங்க இது. போட்டமா போடலையான்னு தெரியாத கையில எப்படிங்க உடறது? உங்க மேல கோவம் இல்ல. கோயமுத்தூர்ல வேற ஆள வெச்சு மாட்டிக்கறேன். தகடும் போடறேன், நீங்க சொன்னீங்கன்னே போடறேன். நீங்க சாப்புட்டுட்டுப் பதனமாப் போங்க. பஸ் ஏத்தியுடச் சொல்றேன்.

மாரீஸ்வரன்: நீங்க சொல்லுததுதான் சரி. நானும் அதத்தான் பயந்தேன், வரும்போதே. இந்தாங்க…

சிவப்பிரகாஷ்: குடுக்காதடா.

செல்வப்பிரியா: நீங்க சும்மா இருங்க. இரக்கப்படற எடமா இது?

சிவப்பிரகாஷ்: இரக்கமில்ல. அவன் கையில இருக்கட்டும். அவன்தான் மாட்டோணும்.

செல்வப்பிரியா: ஒருக்கா மறந்த மனுசன் மறுபடி மறக்க மாட்டாருன்னு என்னங்க உறுதி?

சிவப்பிரகாஷ்: அவன் மறக்கலை.

மாரீஸ்வரன்: விடுங்கண்ணே. இன்னும் எத்தன நாளுதான் என்னத் தாங்குவீங்க…

சிவப்பிரகாஷ்: வாய மூடுடா. நீ பேசப் பேச எனக்கு… மாரி, அன்னைக்குக் காலைல உன்னை டீ குடிச்சுட்டு வரச் சொல்லி அனுப்புனது யாரு?

மாரீஸ்வரன்: நீங்கதான். இன்னும் நேரம் கெடக்கு, போயிட்டு வாடான்னு.

சிவப்பிரகாஷ்: நீ போன பொறவு வண்டிக்கு அடியில யாரு படுத்தது?

மாரீஸ்வரன்: …எனக்கு எப்படிண்ணே தெரியும்?

செல்வப்பிரியா: என்னங்க சொல்றீங்க?

சிவப்பிரகாஷ்: இவ இப்பக் கேட்டாளே ஒண்ணேகால் கிலோ… அதே ஒண்ணேகால் கிலோதான்டா. நாலு தகடும் நீ போட்டுத்தான் வெச்சிருந்த. நாந்தான் கழட்டுனேன். வாசரைப் போட்டு முடுக்கிட்டு, எங்க வெக்கறதுன்னு தெரியாம உன்ர பெட்டியில போட்டேன். உன்னை மாட்டியுடணும்னு போடலை, சத்தியமா. சாயங்காலமே சொல்லிச் சிரிச்சுக்கலாம்னு இருந்தேன். ஆசுபத்திரிக்கு வந்தா, நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால நீ என்ர கையப் புடிச்சுட்டு அழுவற… என் தப்புண்ணே, என்ன மன்னிச்சிருங்கன்னு. நான் என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். பரவால்லடா, நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்டா மாரி.